ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு டென்னிஸ் கோர்ட்

கொடைக்கானலுக்குப் பெட்டி கட்டும்போது என் மகள் ஸ்வெட்டருக்கு முன்னால் எடுத்து வைத்தது டென்னிஸ் ராக்கெட்டைத்தான். பன்னிரண்டு வயது, வாரத்தில் ஐந்து நாள் ஆடுகிறவள். நான்கு நாள் பயணத்தில் ஒருநாள்கூட ஆட்டம் இல்லை என்றால் அவளுக்கு அது விடுமுறையே இல்லை.

மலையூரில் கோர்ட்டுக்குப் பஞ்சமில்லை. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே கிளப், உறைவிடப் பள்ளி, பெரிய விடுதி என்று சரிவை வெட்டிச் சமன்படுத்திக் கோர்ட் போட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரர் உள்ளே நுழையத்தான் வழி தெரிவதில்லை. கைபேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கினால் 78 அடி நீளமும் 36 அடி அகலமுமாக வெள்ளைக் கோடு போட்ட கட்டம் கண்ணில் பட்டுவிடும். அப்படி நான்கைக் குறித்துக்கொண்டு விசாரித்தேன். ஒன்று கார் நிறுத்துமிடமாகிவிட்டது. ஒன்று விடுதியில் தங்குபவர்களுக்கு மட்டும். பள்ளியில் கோடை விடுமுறை. வாட்ச்மேன் இருந்தார், அனுமதி தர ஆளில்லை. மிச்சமிருந்தது ஒரு கிளப். உறுப்பினர் அழைத்து வந்தால் ஆடலாம் என்றார்கள். என் மாமனாரின் பழைய நண்பர் ஒருவர் கை கொடுத்தார்.

உங்கள் ஊர் கிளப்பில் நீங்கள் உறுப்பினராக இருந்தால், போகிற ஊர் கிளப்போடு அதற்கு உடன்பாடு உண்டா என்று புறப்படும் முன்பே கேட்டு, அறிமுகக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். காலர் வைத்த டி-ஷர்ட்டும், கோர்ட்டில் தடம் பதிக்காத ஷூவும் பெட்டியில் இருக்கட்டும்.

காலை ஏழு மணிக்குப் போனோம். செம்மண் கோர்ட். இரவுப் பனியில் மண் கறுத்து ஈரமாகக் கிடந்தது. கோர்ட்டைப் பராமரிக்கும் மார்க்கர் குனிந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், குழி விழுந்தது. “இன்னும் அரை மணி ஆகட்டும் சார், இப்ப ஆடினா தரை கெட்டுப்போயிரும்” என்றார். வெயில் ஏறியதும் ரோலரை இழுத்தார். பிறகு நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டார். மகள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னையில் அவள் ஆடுவது சின்தெடிக் தரை. கோர்ட்டைத் தினமும் ஒருவர் கையால் தயார் செய்ய வேண்டும் என்பதையே அன்றுதான் கண்டாள்.

ஆட்டம் தொடங்கியதும் அடுத்த பாடம். அவள் அடித்த முதல் மூன்று பந்தும் எல்லைக்கோட்டைத் தாண்டி வேலியில் போய் விழுந்தன. கை பிசகவில்லை, காற்றுதான் காரணம். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு; பந்தைத் தடுத்து நிறுத்த ஆளில்லை. வெளியழுத்தம் குறைவதால், உள்ளே காற்றடைத்த பந்து வழக்கத்தைவிட உயரமாகவும் எழும்புகிறது. 4,000 அடிக்கு மேல் நடக்கும் போட்டிகளுக்கென்றே சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் விதிகளில் தனிப் பந்துகள் உண்டு. அதில் ஒரு வகை, உள்ளழுத்தம் இல்லாத பந்து. அதைப் போட்டி நடக்கும் உயரத்திலேயே 60 நாள் வைத்துப் பழக்கிய பிறகுதான் பயன்படுத்தலாம்! நமக்கு அவ்வளவு தேவையில்லை. குழந்தைகள் பயிற்சிக்கென வரும் பச்சைப் புள்ளிப் பந்து வழக்கமான பந்தைவிட வேகம் குறைந்தது. மலைக்கு ஒரு டப்பா கொண்டுபோங்கள். ராக்கெட் நரம்பைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாலும் பந்து அடங்கும்.

அந்தப் பள்ளிக் கோர்ட் மட்டும் இன்னும் மனதை உறுத்துகிறது. குடும்பங்கள் மலையேறும் அதே ஏப்ரல், மே மாதங்களில் அது பூட்டிக் கிடக்கிறது. ஆஸ்திரேலிய ஓப்பன் நடக்கும் மெல்போர்ன் பார்க்கிலேயே போட்டி இல்லாத நாட்களில் யார் வேண்டுமானாலும் மணிக்கணக்கில் பணம் கட்டி ஆடலாம். நம் பள்ளிகளும் காலையில் இரண்டு மணி நேரம் கதவைத் திறந்து கட்டணம் வாங்கட்டும். வலைக்கும் சுண்ணாம்புக்கும் அந்தப் பணம் ஆகுமே.

மூன்றாம் நாள் அவளுடைய பந்துகள் கோட்டுக்குள் விழத் தொடங்கின. கிளம்பும்போது மார்க்கர், “பாப்பா, நாளைக்கு ஏழரைக்கு வா. அதுக்குள்ள பனி காஞ்சிரும்” என்றார். மறுநாள் ஏழு மணிக்கே போய் நின்றாள். கோடு போடும் நூலின் மறுமுனையை அவளிடம் கொடுத்தார்.