கரிக்கும் வடிகால்

ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கம் உப்பளத்தில் நடப்பதும் ஒருவகை விவசாயம்தான். பாத்தி கட்டுகிறார்கள், தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், விளைந்ததை வாருகிறார்கள். 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அளம் இங்கேதான் இருக்கிறது. அதே கடலாடி வட்டாரத்தில் கொஞ்சம் உள்ளே போனால், மிளகாய்ச் செடி வைத்தவர் அதே உப்பை நிலத்தைவிட்டு விரட்ட வழி தேடிக்கொண்டிருப்பார். உப்புக்குத் தனியாகக் கால் கிடையாது. தண்ணீர் போகும் இடத்துக்குக் கூடவே போகும். தண்ணீர் ஆவியாகும் இடத்தில் தங்கிவிடும். அளத்துக்காரருக்கும் மிளகாய்க்காரருக்கும் பாடம் இது ஒன்றுதான்.

உப்பு பயிரை என்ன செய்கிறது என்பது கருவாடு போடும் ஊரில் யாருக்கும் தெரியும். மீனில் உப்பைத் திணித்தால் உள்ளிருக்கும் நீர் வெளியே கசிந்துவிடும். உவர்மண்ணில் நிற்கும் வேருக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். சுற்றிலும் ஈரம் இருந்தும் உறிஞ்ச முடியாது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. மண்ணின் ஈரத்தில் லிட்டருக்கு இரண்டரை கிராம் ஏறினாலே பல பயிர்கள் திணறத் தொடங்கிவிடும்.

கோடையில் இது இன்னும் மோசமாகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மண்ணின் நுண்துளைகள் வழியே நிலத்தடி ஈரம் மேலே ஏறும். மேலே வந்ததும் வெயில் நீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுவைக்கும். கடலோர வீடுகளில் சுவரின் அடிப்பகுதி பொரிந்து வெள்ளை பூத்து உதிர்வதும் இதனால்தான். அந்தத் திரியை அணைக்க எளிய வழி, நிலத்தை வெயில் பார்க்காமல் மூடிவைப்பது. மூடாக்கு என்ற அந்தச் சொல்லைத் தமிழ்நாட்டு இளைஞர்கள் வாயில் ஏற்றியவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர்; அங்கே செய்யும் ஆய்வு மானாவாரி விவசாயிக்குப் பயன்படவில்லை என்று அரசு வேலையை உதறினார். பின்னாளில் கரூர் மாவட்டம் கடவூர் மலையடிவாரத்தில், வறண்ட நிலம் ஒன்றில் வானகம் என்ற பயிற்சிப் பண்ணையை உருவாக்கினார். அங்கே தங்கிப் படிக்கிறவர்களுக்கு நிலம்தான் கரும்பலகை. 2013 டிசம்பர் 30 அன்று அவர் மறைந்தபோது உடலை அங்கேயே அடக்கம் செய்தார்கள். ‘விதைத்தோம்’ என்பது அவர்கள் சொல்லும் சொல்.

2004 சுனாமியில் நாகப்பட்டினத்து வயல்களில் கடல் ஏறி உப்பைக் கொட்டிவிட்டுப் போனது. அந்த நிலங்களை மீட்கும் வேலையில் நம்மாழ்வாரும் இயற்கை விவசாயிகளும் இறங்கினார்கள். வயலோரம் ஆழப் பள்ளம் வெட்டினார்கள், தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் பயிரை விதைத்து மடக்கி உழுதார்கள். இந்த வேலைகள் ஏன் பலித்தன என்பதில்தான் வேதியியல் இருக்கிறது.

தமிழில் உவர் வேறு, களர் வேறு. கரைந்த உப்பு மிகுந்த மண் உவர். சோடியம் களித்துகளோடு ஒட்டிக்கொண்ட மண் களர். கல்லாதவரை வள்ளுவர் ஒப்பிட்டது இந்த மண்ணோடுதான். பழைய நெல் ரகங்களிலேயே உவர்முண்டான், களர்ப்பாலை என்று இரண்டு பெயரும் தனித்தனியாக உண்டு. மண் பரிசோதனைக்கூடம் வருமுன்பே பெயர் வைத்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது!

மண் களரா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைநீர் ஊற்றி, காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாகப் போடுங்கள், கலக்க வேண்டாம். போர்த் தண்ணீர் உதவாது, அதிலுள்ள உப்பே விடையை மறைத்துவிடும். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல மேகம் படர்ந்தால் அது களர். சோடியம் பிடித்த களித்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிப் பிரிகின்றன. வயலில் அவை துளைகளை அடைத்துவிடும். அதனால் மழைநீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும்.

சோடியத்தைக் கிளப்ப அந்த இடத்தில் கால்சியம் வந்து உட்கார வேண்டும். அதைத் தரும் ஜிப்சம் எங்கே கிடைக்கும் என்றால், அளத்திலேயே! கடல்நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் முந்திக்கொண்டு படியும். சாப்பாட்டு உப்பு படிய, நீர் பத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அதனால் உப்பு விளையும் பாத்திக்கு முந்தைய பாத்தியில் ஜிப்சம் தங்கிவிடுகிறது. உப்பு கெடுத்த மண்ணுக்கு மருந்து உப்புக்கு முந்தைய பாத்தியில் இருக்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கடல்நீர் ஒட்டியிருக்கும் அந்த ஜிப்சத்தை நன்றாக அலசிவிட்டுத்தான் வயலில் போட வேண்டும்.

தக்கைப்பூண்டு இன்னொரு வழியில் உதவுகிறது. உப்பையும் தேங்கிய நீரையும் தாங்கி வளரும். பூக்கும் சமயம் மடக்கி உழுதால் மட்கும்போது வரும் அமிலம், மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கும். செடியைப் பிடுங்கி வேர்முண்டு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம் அது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனை அளந்து விடுவது அதன் வேலை.

இவ்வளவு செய்தும் வடிகால் இல்லையென்றால் பலனில்லை. பசுந்தாள் உரம் ஒன்றே போதும் என்று சொல்லும் பயிற்சியாளர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஒரு அடி மண்ணின் வழியே ஒரு அடி நீர் இறங்கிப் போனால், கரைந்த உப்பில் ஐந்தில் நான்கு பங்கு கூடவே போகும் என்பது உவர்நிலப் பணியில் பொதுவான கணக்கு. ராமநாதபுரத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். வரப்பை உயர்த்தி மழை முழுவதையும் வயலிலேயே நிறுத்தினால் இரண்டரை அடி நீர். ஆனால் கடலோரத்தில் நிலத்தடி நீர் ஆழமில்லை; இறங்கும் நீருக்குப் பள்ளம் வெட்டி வழிவிட வேண்டும்.

வாலிநோக்கத்தில் ஒரு பண்ணைப் பள்ளி வந்தால், முதல் வகுப்பை அளத்தில் நடத்த வேண்டும் என்பேன். இரண்டாவது வகுப்பு கார்த்திகை மழை விட்ட மறுநாள், வயலோரப் பள்ளத்தில். வயலில் நிற்கும் நீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கலாம், பிறகு பள்ளத்து நீரை. பள்ளத்து நீர் அதிகம் கரித்தால் உப்பு கிளம்பிவிட்டது.