அரை வினாடிக் கடல்

சென்னை வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரை அந்தமானிலிருந்து மொபைலில் இயக்கலாம். வெகுகாலம் குறுக்கே நின்றது ஒரு சின்னத் தாமதம்.

போர்ட் பிளேர், 2016. அபர்தீன் பஜாரில் ஒரு லாட்ஜ் அறை. மறுநாள் காலைக்குள் ஒரு மொழிபெயர்ப்பில் திருத்தங்கள் போட்டாக வேண்டும். பிரதி இருப்பது சென்னையில், என் வீட்டு மேஜை மீதுள்ள கம்ப்யூட்டரில். அதுவும் பேஜ்மேக்கரில், யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில். கையில் இருந்ததோ மொபைல் மட்டும்.

மொபைலில் பேஜ்மேக்கர் ஓடாது. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரின் திரையை மொபைலுக்கு வரவழைக்கலாம். வந்தது. பாமினியில் 'கொ' அடிக்க ஆங்கில விசைப்பலகையில் என், எஃப், எச் என்று மூன்று விசைகள். 'என்'னை அழுத்தினேன். கொம்பு விழவில்லை. மறுபடி அழுத்தினேன். சற்றுப் பொறுத்து இரண்டு கொம்புகள் ஜோடியாக வந்து நின்றன. ஒன்றை அழிக்கப் போனால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து காணாமல் போனது. பத்து வரி திருத்துவதற்குள் நள்ளிரவு ஆகிவிட்டது.

இணைப்பு மெதுவாக இருப்பதாகத்தான் அன்று நினைத்தேன். உண்மையான காரணம் வேறு. தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும்போது அதிலுள்ள கோப்பு மொபைலுக்கு வருவதில்லை. திரையின் படம் மட்டுமே வருகிறது. விரல் தொட்ட இடமும் அழுத்திய விசையும் அங்கே போகின்றன. எழுத்துரு, பேஜ்மேக்கர் எல்லாம் சென்னையிலேயே இருந்துகொள்ளும். பழைய எழுத்துருக்களில் ஆயிரக்கணக்கான பக்கங்களைச் சேர்த்து வைத்திருக்கும் தமிழ் டி.டி.பி.காரர்களுக்கு இது பெரிய வசதி. (யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்கள் உண்டு. அட்டவணையும் அடிக்குறிப்பும் உள்ள பிரதியை மாற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை.)

இதில் ஒரு சிக்கல். அழுத்தும் ஒவ்வொரு விசையும் சென்னைக்குப் போய், அதன் விளைவு படமாகத் திரும்பி வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அன்று அந்தமானின் இணைப்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தது. அது பூமிக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. விசை மேலே போய்க் கீழே இறங்க 72,000 கி.மீ. படம் திரும்பி வர இன்னொரு 72,000. வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடும் ரேடியோ அலைக்கே இதற்குக் கிட்டத்தட்ட அரை வினாடி ஆகிறது. எவ்வளவு பணம் கொடுத்து அதிக வேகத் திட்டம் வாங்கினாலும் இது குறையாது. சினிமா பார்ப்பவருக்கு அரை வினாடி பொருட்டல்ல. தட்டச்சு செய்பவருக்கு அது யுகம்.

இந்தத் தொழில்நுட்பம் புதிதும் அல்ல. கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் உருவான வி.என்.சி. 1998-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் டெர்மினல் சர்வரை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். 160-க்கு 160 புள்ளிகள் கொண்ட பாம் பைலட் திரையில்கூட அந்தக் காலத்து ஆர்வலர்கள் மேஜைக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள், சாவித் துவாரம் வழியே கல்யாண மண்டபத்தைப் பார்ப்பது போல.

அந்தமானில் நிலைமையை மாற்றியது கடலடி கேபிள். 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். 2020 ஆகஸ்ட் 10 அன்று காணொலி மூலம் திறந்து வைத்தார். பி.எஸ்.என்.எல். நிறைவேற்றிய திட்டம். மொத்த நீளம் சுமார் 2,300 கி.மீ., செலவு சுமார் ரூ. 1,224 கோடி. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே வினாடிக்கு 400 கிகாபிட் கொள்ளளவு என்று அரசு பெருமையாக அறிவித்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு கணக்கு. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். போக வர 3,500 கி.மீ. என்று தாராளமாக வைத்தாலும், கடலைக் கடக்க ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது.

2024-ல் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. அடுத்த ஆண்டு மறுபடி போனேன். அதே பஜார், அதே பிரதி, அதே பாமினி. 'என்'னை அழுத்தியதும் கொம்பு வந்தது. ஒரே ஒரு கொம்பு.

குறைகள் இல்லாமல் இல்லை. மொபைல் திரையில் பேஜ்மேக்கரின் மெனுக்கள் எறும்பு வரிசையாகத் தெரிகின்றன. மடக்கு விசைப்பலகை ஒன்றை இணைத்துக்கொண்டால்தான் பிழைப்பு. விண்டோஸின் ஹோம் பதிப்பு, மைக்ரோசாஃப்டின் சொந்தத் தொலைவழி இணைப்பை உள்ளே அனுமதிக்காது. அதற்கு ப்ரோ பதிப்பு வேண்டும். எல்லாவற்றையும்விட, வீட்டில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 'ஆள் இல்லாத அறையில் எதற்குக் கரண்ட்' என்று யாராவது ப்ளக்கைப் பிடுங்கிவிட்டால் எந்தக் கேபிளும் உதவாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

திறந்த கதவு திருடனுக்கும் வசதி. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, எனிடெஸ்க் செயலியை இறக்கச் செய்து, திரையில் தோன்றும் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. செயலியில் கோளாறு இல்லை. அந்த எண்ணைச் சொல்வது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

கேபிள் கரையேறும் இடங்களின் பட்டியலையும் பார்க்க வேண்டும். தலைநகரைத் தவிர ஸ்வராஜ் த்வீப், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்டா, கிரேட் நிகோபார். மக்கள் வாழும் தீவுகள் இதைவிட அதிகம். 1964-ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களில் சிலரை அரசு ரப்பர் தோட்ட வேலைக்கென்று கச்சால் தீவில் குடியேற்றியது. 2004 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் அதுவும் ஒன்று. கச்சால் அந்தப் பட்டியலில் இல்லை. கேபிள் கமோர்டாவில் கரையேறுகிறது. கச்சால் அதற்கு மேற்கே, இன்னும் கொஞ்சம் கடல் தாண்டி இருக்கிறது.