எல்லையோர ருசிகள் – 14
அடங்காத ஒயின்

நவம்பர் பாதியில் பாறசாலை, உதியன்குளங்கரை, தனுவச்சபுரம் பக்கத்துப் பழக்கடைகளில் கறுப்புத் திராட்சை பெட்டி பெட்டியாக இறங்கினால், கிறிஸ்துமஸ் ஒயினுக்குப் பரணி கழுவும் காலம் வந்துவிட்டது என்று பொருள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை கிடைத்தால் வாசனைக்குக் கேட்கவே வேண்டாம்.

செய்முறை வீட்டுக்கு வீடு மாறும், அடிப்படை ஒன்றுதான். காம்பு கிள்ளி, கழுவி, ஈரம் போகத் துடைத்த திராட்சையும் சீனியும் பரணியில் அடுக்கடுக்காக விழும். மேலே ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, ஏலம், கொதித்து ஆறின வெள்ளம், கொஞ்சம் ஈஸ்ட். வாயைத் துணியால் கட்டி, தினமும் மரத்தவியால் ஒரு கிளறு. 21 நாள் கழித்துப் பிழிந்து வடித்து, பிறகு தெளிய விடுவார்கள்.

அவசரக்காரர்கள் தெளியும்வரை பொறுப்பதில்லை. சீனி மிச்சமிருக்க, ஈஸ்ட்டும் உயிரோடிருக்க, பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். உள்ளே வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். சில நேரம் பாட்டிலே வெடிக்கும். “ஒயின் இன்னும் அடங்கல மக்ளே, மூடிய இறுக்காத” என்று பாட்டிமார் சத்தம் போடுவது இதனால்தான். தம்ளரில் ஊற்றினால் ரோஸ் நிறத்தில் நுரை பொங்கித் தாழும், நாக்கில் சுரீரென்கும். இங்கே அது குறை.

இத்தாலியில் அதுவே பெருமை. எமிலியா-ரொமாஞ்ஞா பகுதியில், மொதெனா, ரெஜ்ஜோ எமிலியா ஊர்களைச் சுற்றி விளையும் லம்ப்ரூஸ்கோ நுரைக்கிற சிவப்பு ஒயின். அந்தக் காலத்தில் குளிர் வந்ததும் நொதிப்பது பாதியில் நின்றுவிடும். வசந்தத்தில் வெயில் ஏற, பாட்டிலுக்குள் மறுபடி தொடங்கி நுரை பிடிக்கும். இன்று பெரும்பாலும் அழுத்தம் தாங்கும் எஃகுத் தொட்டியில் செய்கிறார்கள். 1895-ல் ஃபெடெரிகோ மார்தினோத்தி உருவாக்கி, 1907-ல் யூஜின் ஷார்மா மேம்படுத்திய முறை அது. நம் நெய்யாற்றின்கரையில் டிசம்பர் பகலிலும் 30 டிகிரி. நடுவில் நிறுத்தி வைக்கக் குளிர் ஏது? அதனால்தான் இங்கே நுரை சொன்னபடி கேட்பதில்லை.

இன்னொன்றும் கேட்பதில்லை: சட்டம். கேரளத்தில் உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது அப்காரி சட்டப்படி குற்றம். 2019 டிசம்பரில் எக்சைஸ் துறை சுற்றறிக்கை விட்டு இதை நினைவூட்டியபோது பல சமையலறைகளில் பரணிகள் இடம் மாறின. திருப்பலி ஒயினுக்கு மட்டும் திருச்சபைகள் தனி உரிமம் வைத்திருக்கின்றன. ஆகவே கீழே வருவது கடையில் வாங்கும் பாட்டிலுக்கான குறிப்பு.

இத்தாலியர்கள் சாப்பாட்டுக்கு முன் கசப்பாக ஒன்று குடிப்பார்கள், பசி கிளம்பட்டும் என்று. 1860-ல் நொவாராவில் கஸ்பாரே கம்பாரி தொடங்கிய சிவப்புக் கசப்பு மது அதில் முதல்வரிசை. 1972-ல் மிலானின் பார் பாஸ்ஸோவில் மிர்கோ ஸ்தோக்கெத்தோ, கம்பாரி சேரும் நெக்ரோனி என்ற காக்டெயிலைக் கலக்கும்போது ஜின்னுக்குப் பதில் நுரை ஒயினைக் கை தவறி ஊற்றிவிட்டார் என்பது கதை. அங்கே ஊற்றியது வெள்ளை ஒயின். நாம் சிவப்பை ஊற்றுவோம்.

தம்ளர் நிறைய ஐஸ். கம்பாரி 30 மில்லி, இனிப்பு வெர்மூத் 30 மில்லி, ஒரு கிளறு. கடைசியாக, நன்றாகக் குளிர்ந்த, இனிப்பில்லாத லம்ப்ரூஸ்கோ 90 மில்லியைத் தம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்ற வேண்டும். கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு முறை மேலே தூக்கினால் போதும். குலுக்கக் கூடாது, சூடான ஒயினும் கூடாது. இரண்டிலும் வாயு ஓடிவிடும். மேலே ஓர் ஆரஞ்சு வில்லை.

வெர்மூத் என்பது என்ன? மூலிகையும் மசாலாவும் ஊறிய, இனிப்பும் சாராயமும் சேர்த்த ஒயின். பட்டையும் கிராம்பும் சீனியும் ஊறிய நம் பரணி ஒயின், என்னைக் கேட்டால், லம்ப்ரூஸ்கோவைவிட இதற்குத்தான் நெருங்கிய சொந்தம். சுவையில் இல்லாதது கசப்பு மட்டும். அதோடு நேரமும் சரியில்லை: பிளம் கேக்கோடு, இனிப்போடு இனிப்பாகக் கொடுத்து, பசியைக் கொல்கிறோம். கூட வைக்க வேண்டியது உப்பும் எண்ணெயும். மரச்சீனிக் கிழங்கு வறுவலும் பூவாறு நெத்தோலிப் பொரிப்பும் இருக்க, ஒலிவக் காயைத் தேடி அலைய வேண்டாம்.

இந்தப் பக்கம் மது தொடாத வீடுகளும் நிறைய. இரட்சணிய சேனை என்ற திருச்சபையின் ‘போர்வீரர்கள்’ அதற்கென்றே உறுதிமொழி எடுத்தவர்கள். அவர்களுக்குப் போஞ்சி இருக்கிறது. திருவனந்தபுரத்துக்காரர்கள் எலுமிச்சை வெள்ளத்துக்கு வைத்த பேர். அதையே கொஞ்சம் கசப்பாக்க, சீனி போடாத திராட்சைச் சாற்றில் நாரத்தைத் தோலைக் கசக்கிப் போட்டு அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தோலை எடுத்துவிட்டு, எலுமிச்சை பிழிந்து, உடைத்த சோடாவை உடனே ஊற்றுங்கள். தோல் அதற்குமேல் கிடந்தால் கசப்பு தொண்டையைப் பிடிக்கும்.

(தொடரும்)