யாரைத் தெரியும்? – 17: ஷாரன் ஊர் ஜவுளிக்கடைக்காரர்

போன வாரம் கொல்லத்தில் நிறுத்தியிருந்தோம். கி.பி. 849, தரிசாப்பள்ளி தேவாலயத்துக்குக் கொடுத்த செப்பேடு, அதில் வரும் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகர் குழுக்கள், கடைசியில் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிக் கையொப்பங்கள். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இவ்வளவு போதும். இடம் போதாமல் விட்டுப்போன ஒன்று மட்டும்: அந்த அஞ்சுவண்ணம் எங்கும் போய்விடவில்லை. நம் தக்கலையில், சூஃபிக் கவிஞர் பீர்முகம்மது அப்பா பெயரோடு சேர்ந்து, ஒரு முஸ்லிம் சங்கத்தின் பெயரில் இன்றும் இருக்கிறது.

இந்த வாரம் லிங்க்ட்இன்னில் வியாபாரத்துக்கு ஆள் தேடுவது எப்படி என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். சொன்னபடி நாகர்கோவில் கோட்டாறு கம்போளத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மலைச்சரக்கு மொத்த வியாபாரம் பார்க்கும் குடும்பம். இஞ்சினியரிங் முடித்த பையன் அப்பாவின் கடைக்கே வந்துவிட்டார். கிராம்பை நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டும் என்பது அவர் ஆசை. ஆசையில் தவறில்லை. இந்தியாவில் விளையும் கிராம்பில் பெரும்பங்கு மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைப் பக்கம் விளைவதுதான். ‘கன்னியாகுமரி கிராம்பு’ என்று 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பையன் லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்கினார். துபாய், ஹாம்பர்க், ராட்டர்டாம் என்று எந்த ஊரில் யார் ‘பர்ச்சேஸ் மேனேஜர்’ என்று போட்டிருந்தாலும் அவருக்கு ஒரு கோரிக்கை தட்டினார்.

“அண்ணாச்சி, லிஸ்டுல ஆயிரத்துக்கு மேல ஆளு இருக்கு. ஒருத்தன் வெல கேக்க மாட்டக்கான்” என்றார்.

“அதுல ஒனக்கு ஆரைத் தெரியும் மக்களே?”

“தெரியணும்னு என்ன இருக்கு? எல்லாம் கனெக்‌ஷன்லதான இருக்கானுவ.”

இந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நேரே விஷயத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் 1969இல் வெளிவந்த ஒரு ஆய்வுக் கட்டுரை இந்த வாரம் என் கையில் வந்து மாட்டிக்கொண்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

எழுதியவர்கள் ஜெஃப்ரி டிராவர்ஸ், ஸ்டான்லி மில்கிராம். மில்கிராமுக்கு ஒரு கேள்வி. முன்பின் தெரியாத இருவரை எடுத்துக்கொண்டால், இடையில் எத்தனை பேர் நின்றால் ஒருவர் கையிலிருப்பது மற்றவர் கைக்குப் போகும்? பாஸ்டனில் வேலை பார்த்த பங்குத் தரகர் ஒருவரைக் குறியாக வைத்தார். தரகரின் வீடு பக்கத்தில் ஷாரன் என்ற சிற்றூரில். நெப்ராஸ்கா மாநிலத்தில் 196 பேர், பாஸ்டன் பக்கத்தில் 100 பேர், ஆக 296 பேரிடம் தரகருக்குப் போய்ச் சேரவேண்டிய உறை ஒவ்வொன்றை ஒப்படைத்தார். தரகரை நேரில் தெரியாதவர் அவருக்கு நேரே அனுப்பக்கூடாது என்பது விதி. பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கமுள்ள, தரகரைத் தெரிந்திருக்கக்கூடும் என்று தோன்றுகிற ஒருவருக்குத்தான் அனுப்பவேண்டும். அவரும் அதே விதிப்படி அடுத்தவருக்கு.

64 உறைகள் தரகரிடம் போய்ச் சேர்ந்தன. இடையில் நின்றவர்கள் சராசரியாக 5.2 பேர், அதாவது ஏறக்குறைய ஆறு கைமாற்றம். உலகம் முழுக்க எல்லாரும் இந்த எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இனித்தது அதற்கு அப்பால் இருந்தது.

அந்த 64இல் 24 உறைகள் ஷாரன் ஊர் வழியாக வந்தவை. அந்த 24இல் 16ஐத் தரகர் கையில் கொடுத்தவர் ஒரே ஆள். ஆராய்ச்சியாளர் இல்லை, நகர மேயர் இல்லை, வங்கி முதலாளி இல்லை. அந்த ஊர் ஜவுளிக்கடைக்காரர்! தனக்கும் வெளியுலகுக்கும் நடுவில் நிற்பவர் தான் துணி வாங்கும் கடைக்காரர்தான் என்று தெரிந்தபோது தரகருக்கு ஆச்சரியம். கொஞ்சம் அதிர்ச்சியும்கூட என்று மில்கிராம் எழுதுகிறார்.

கோட்டாற்றில் யாருக்கும் இதில் அதிர்ச்சி இராது. கல்யாணத்துக்குப் பட்டெடுக்க இரண்டு வீட்டாரும் வந்து உட்கார்ந்தால் எழுந்திரிக்க அரைநாள் ஆகும். பெண் எந்த ஊர், மாப்பிள்ளைக்கு எங்கே வேலை, யார் செலவில் எடுக்கிறார்கள், எந்தச் சித்தப்பா கோபித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார் என்பதெல்லாம் கல்லாவில் இருப்பவர் காதில் விழுந்தபடி இருக்கும். பெரிய வீடும் வரும், கூலிக்காரர் வீடும் வரும். கடன் சொல்லிப் போனவர் தவணைக்கு வந்தாரா என்பதும் அவருக்குத் தெரியும். வடசேரியும் கோட்டாறும் தறிக்கும் துணிக்கும் பெயர்போன இடங்கள். இந்த ஊரில் ஜவுளிக்கடைக்காரரைத் தெரியாதவரைத் தேடுவதுதான் கஷ்டம்.

அந்தக் கட்டுரையில் வியாபாரிகளுக்கென்றே எழுதினதுபோல் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தரகரின் சொந்த ஊரைக் குறிவைத்துப் போன உறைகளுக்குச் சராசரி 6.1. அவர் தொழிலைக் குறிவைத்துப் போனவற்றுக்கு 4.6. ஊர்வழி போனவை ஷாரன் வரைக்கும் விறுவிறு என்று போய், ஊருக்குள் வந்ததும் வீடு தெரியாமல் சுற்றின. தொழில்வழி போனவற்றுக்கு அந்தச் சுற்று இல்லை.

இதற்கு முன்னால் கான்சாஸ் மாநிலத்திலிருந்து மில்கிராம் ஒரு வெள்ளோட்டம் விட்டார். குறி, கேம்பிரிட்ஜில் இறையியல் படித்த மாணவரின் மனைவி. முதல் உறை நாலே நாளில் வந்து சேர்ந்துவிட்டது. கோதுமை விவசாயி ஒருவர் தன் ஊர்ப் பாதிரியாரிடம் கொடுக்க, அவர் கேம்பிரிட்ஜில் பாடம் நடத்தும் இன்னொரு பாதிரியாருக்கு அனுப்ப, அவர் நேரே அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். டிசம்பரில் சவேரியார் திருவிழாவுக்குக் கோட்டாற்றில் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, கோயில் வழியாகச் செய்தி எவ்வளவு வேகமாகப் போகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் 2002இல் ஜூடித் கிளைன்ஃபெல்ட் என்ற உளவியலாளர் மில்கிராமின் பழைய தாள்களைத் தேடிப் படித்தபோது அடியில் கிடந்த கணக்கு வெளியே வந்தது. கான்சாஸில் கொடுத்தவை 60. சேர்ந்தவை மூன்றே மூன்று. பிந்தைய சோதனையிலும் 296இல் 232 வழியிலேயே நின்றுபோயின. அவற்றுக்கு வழியே இல்லாமல் போயிருக்காது. யாரோ ஒருவர் வாங்கி மேசையில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார், அவ்வளவுதான்.

என் கட்சியும் இதுதான், 17 வாரமாக. ஆளைத் தெரிவது அரை வேலை. உனக்காக ஒருவர் எழுந்துபோய் இன்னொருவரிடம் சொல்வது மிச்ச அரை. முன்பெல்லாம் முதன்முதலாக வெளியூர் மண்டிக்குப் போகும் பையனிடம் முதலாளி துண்டுச் சீட்டு ஒன்று கொடுத்துவிடுவார் என்று கம்போளத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். ‘நம்ம பையன், கேட்டதைக் கொடுக்கவும்.’ பையன் ஏமாற்றினால் சீட்டு எழுதியவர் கட்டவேண்டும். கொல்லத்துச் செப்பேட்டில் சாட்சி போட்டவர்களும் தங்கள் பெயரைத்தான் அடகு வைத்தார்கள். லிங்க்ட்இன் முகவரி கொடுக்கும். பெயரை அடகு வைக்காது.

கோட்டாறும் அப்படி வாய்வழியில் உலகத்துக்குத் தெரியவந்த ஊர்தான். இரண்டாம் நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி ‘கொட்டியாரா’ என்று எழுதி அதைப் பெருநகர் என்று குறித்தது நம் ஊரைத்தான் என்பார்கள். அவர் இந்தப் பக்கம் வந்தவர் இல்லை. அலெக்சாண்டிரியாவில் இருந்துகொண்டு, போய்வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவர்.

லிங்க்ட்இன்னுக்கே மில்கிராமோடு ஒரு பங்காளி உறவு உண்டு. அந்த ஆறு கைமாற்றக் கணக்கைப் பெயராக வைத்து 1997இல் சிக்ஸ்டிகிரீஸ் என்று ஒரு தளம் வந்து, சில வருடத்தில் மூடிப்போனது. அதன் காப்புரிமை 2003இல் விலைக்கு வந்தபோது ரீட் ஹாஃப்மனும் மார்க் பிங்கஸும் சேர்ந்து ஏழு லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். அதே வருடம் மே மாதம்தான் ஹாஃப்மன் லிங்க்ட்இன்னைத் திறந்திருந்தார். 2016இல் மைக்ரோசாஃப்ட் அதை 2,620 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. ஏழு லட்சம் என்ன பெரிய காசு!

பக்கம் தீரப் போகிறது. கிராம்புப் பையனுக்குச் சொன்னதைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன்.

ஹாம்பர்க்கை முதலில் மறக்கவேண்டும். இந்தியா வெளியே அனுப்பும் கிராம்பைவிட மடகாஸ்கர், இந்தோனேசியா, இலங்கை என்று வெளியிலிருந்து வாங்கும் கிராம்பு அதிகம். நல்ல சரக்குக்கு ஆள் தேடுகிறவர் கொச்சியிலோ மும்பையிலோ உட்கார்ந்திருக்கலாம்.

அடுத்தது, கிராம்புத் தொழிலின் ஜவுளிக்கடைக்காரர் யார் என்று பார்க்கவேண்டும். தூத்துக்குடியில் ஏற்றுமதிக்குத் தாள் போடும் கஸ்டம்ஸ் ஏஜென்ட், கொச்சியில் மசாலாச் சரக்கைச் சோதிக்கும் ஆய்வகத்துக்காரர், கன்டெய்னருக்குப் பூச்சிமருந்துப் புகை போடுபவர். யார் சரக்கு யாருக்குப் போகிறது, எது திரும்பி வந்தது, எவர் பணம் சுணங்கும் என்பது இவர்களுக்கு அத்துப்படி. பர்ச்சேஸ் மேனேஜரிடம் நாளெல்லாம் கோரிக்கை வந்து குவியும். புகை போடுபவரை யார் தேடிப் போகிறார்கள்?

மூன்றாவது, தேடும்போது ‘இரண்டாம் நிலை’ என்று வடிகட்டவேண்டும். இடையில் நிற்பவர் பெயரை அந்தத் தளமே காட்டும். அந்த இடையாளுக்குச் செய்தி தட்டாமல் போன் போட்டு, “எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?” என்று கேட்கவேண்டும். தயங்கினால் விட்டுவிடலாம், தெரிந்தவர் எல்லாரும் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

கடைசியாக, சாட்சி சொல்பவர் கையில் கொடுக்க ஏதாவது வேண்டும். ஏற்றுமதி-இறக்குமதி எண், மசாலா வாரியத்தின் பதிவுச் சான்று, புவிசார் குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு, ஆய்வக அறிக்கை. இதெல்லாம் இல்லாமல் ‘நம்ம பையன்’ என்று எவர் சொல்வார்?

முன்பின் தெரியாதவருக்கு முதல் செய்தியை எப்படி எழுதுவது என்பதுதான் இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்ததில் மிச்சப் பாதி. ஜவுளிக்கடைக்காரர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். அது அடுத்த வாரம். லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியான சோதனையும் அப்போது. வேலை தேடுகிறவருக்கு நெருங்கிய நண்பரும் அவ்வளவாக உதவவில்லை, பெயரளவுக்குத் தெரிந்தவரும் அப்படித்தான். நடுவில் இருக்கும் அரைகுறைப் பழக்கம்தான் உதவியது என்கிறது அது. வேலைக்குச் சரியான கணக்கு வியாபாரத்துக்கும் சரிப்படுமா என்பதில்தான் எனக்குச் சண்டை இருக்கிறது.

அதுவரை ஒரு வீட்டுப்பாடம். உங்கள் தொழிலில் ஒன்றையும் வாங்காத, ஆனால் எல்லாரையும் தெரிந்த ஆள் யார்? பெயரை எழுதி வையுங்கள். அவருக்குக் கோரிக்கை மட்டும் அனுப்பிவிடாதீர்கள், அடுத்த இதழ் வரட்டும்.

(தொடரும்)