லண்டன் மைனர் வருகிறார்!

'மைனர்' என்றால் உங்களுக்கு யார் ஞாபகம் வரும்? சில்க் ஜிப்பா, கழுத்தில் சங்கிலி, காதோரம் ஜவ்வாது... பழைய சினிமாவில் வருவாரே, அவர்தானே? நான் சொல்லப்போகும் மைனர் வேறு. நாலு சக்கரம், இரண்டு கதவு, முன்பக்கம் தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு. முழுப்பெயர் மாரிஸ் மைனர். 1948-ல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் என்று பெயர் வாங்கியவர். இவரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ்தான் பிற்பாடு 'மினி' காரையும் வடிவமைத்தார். நம்மூரிலும் 'பேபி இந்துஸ்தான்' என்ற பெயரில் கொஞ்ச காலம் ஓடினார் நம்ம மைனர்.

என் சித்தப்பா அறுபதுகளில் இங்கிலாந்து போய் அங்கேயே தங்கிவிட்டவர். 1968 மாடல் மைனர் ஒன்றை வாங்கி, ரிட்டயர் ஆகும் வரை மழையோ பனியோ அதில்தான் வேலைக்குப் போனார். அவர் காலமான பிறகு பிள்ளையிடமிருந்து போன். "அண்ணா, கார் உனக்குத்தான்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்கார். அனுப்பட்டுமா?"

ஏதோ ஊறுகாய் பாட்டில் அனுப்புகிற மாதிரி கேட்கிறான்!

ஒரு மாதம் டயம் கேட்டேன். அரை நாள் லீவு, ஒரு மணி பர்மிஷன் என்று பிய்த்துப் பிய்த்து, பாரிமுனைக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் அலைந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்களுக்கும் ஒரு சித்தப்பா இருக்கலாம்.

முதல் கேள்வி: கொண்டுவர முடியுமா? சில வருஷம் முன்னால் கேட்டிருந்தால் லைசென்ஸ் இல்லாமல் முடியாது என்பதுதான் பதில். வெளிநாட்டில் ஓடிய கார் என்றால் மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. புராதன கார் என்று சலுகை கேட்டால் 1950-க்கு முன் தயாரானதாக இருக்க வேண்டும். பாவம் எங்கள் மைனர், இளைஞர் அணியிலும் சேர்த்தி இல்லை, முதியோர் அணியிலும் சேர்த்தி இல்லை. 2025 பிப்ரவரியில்தான் விதியை மாற்றினார்கள். இப்போது ஐம்பது வயது ஆன எந்த வண்டியையும், சொந்த உபயோகத்துக்கு, லைசென்ஸ் வாங்காமல் இறக்குமதி செய்யலாம். ஒவ்வொரு வருஷமும் ஒரு புது 'பேட்ச்' கார்களுக்குத் தகுதி வந்துகொண்டே இருக்கும்.

"அப்ப ஜாலிதான் சார்!" என்றேன் கிளியரிங் ஏஜென்டிடம். அவர் ஜாலியாக இல்லை. கால்குலேட்டரை எடுத்தார்.

"வண்டி என்ன விலை?"

"சும்மா வருது. சித்தப்பா கொடுத்தது."

"சித்தப்பா சும்மா கொடுப்பார், கஸ்டம்ஸ் கொடுக்காது. இனாமா வந்தாலும் அதுக்கு ஒரு மதிப்புப் போடுவாங்க. கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் கூட்டுவாங்க. அந்த மொத்தத்துக்கு வரி."

எல்லா வரியும் சேர்ந்து மொத்த மதிப்பையே தாண்டிவிடுகிறது. அதாவது, கப்பல் கூலியோடு வண்டியின் மதிப்பு 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால், வரி மட்டும் அதைத் தாண்டும். மாப்பிள்ளை சும்மா வருகிறார், சீர்தான் லட்சக்கணக்கில்! இதில் பேப்பர் ஏதாவது குறைந்து கன்டெய்னர் துறைமுகத்தில் உட்கார்ந்துவிட்டால் தினப்படி வாடகை தனி. லாட்ஜில் ரூம் போட்ட மாதிரி மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் இந்த விஷயத்தில் காரைவிடக் காகிதம் முக்கியம். வண்டி முதன்முதலில் எந்தத் தேதியில் பதிவானது என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஐம்பது வயதை அங்கிருந்துதான் எண்ணுகிறார்கள். இங்கிலாந்து பதிவுப் புத்தகத்தில் அந்தத் தேதி இருக்கும். அதிலுள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். கப்பல் ஏறிய பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

சரி, வரியைக் கட்டி வெளியே எடுத்தாச்சு. அடுத்தது ஆர்.டி.ஓ. இங்கே ஒரு நல்ல சேதி. 2021 ஜூலையில் மத்திய அரசு புராதன வாகனங்களுக்கென்றே தனி விதி கொண்டுவந்தது. படிவம் 20, கஸ்டம்ஸ் கொடுத்த 'பில் ஆஃப் என்ட்ரி', இன்ஷூரன்ஸ், 20,000 ரூபாய் கட்டணம். மாநில அரசு அமைத்த கமிட்டி வண்டியைப் பார்த்து, 'இது அசல்தான்' என்று சொல்ல வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் கைவைத்திருக்கக் கூடாது. மைனருக்குள் மாருதி இன்ஜினைப் பொருத்திவிட்டுப் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லாம் சரியென்றால் பத்து வருஷத்துக்குப் பதிவு. நம்பர் பிளேட்டில் டி.என்.னுக்கு அடுத்து 'வி.ஏ.' என்று இரண்டு எழுத்து வரும். வி.ஏ.ஓ. வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். 'விண்டேஜ்' என்பதன் சுருக்கம்.

"நம்பர் வந்துட்டா மறுநாளே ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போலாமா சார்?" என்றேன் அங்கிருந்த ஒரு அதிகாரியிடம். சிரித்தார். "தினசரி உபயோகத்துக்கு விதியில இடமில்லை தம்பி. கண்காட்சிக்குப் போலாம். ராலிக்குப் போலாம். ரிப்பேருக்குப் போலாம். பெட்ரோல் போடப் போலாம்."

பெட்ரோல் போட்டுக்கொண்டு எங்கே போவது? மறுபடி பெட்ரோல் போடத்தான்!

அந்தப் பெட்ரோலிலும் சங்கடம் இருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோல் குடித்து வளர்ந்த இன்ஜின் அது. நம் நாட்டில் 2000-லேயே ஈயத்தை நிறுத்தியாகிவிட்டது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் குழாய்களை அது அரித்துவிடும். குழாய்களை மாற்ற வேண்டும், வால்வுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றார் ஒரு பழைய கார் மெக்கானிக். "மாத்திட்டா இன்னும் முப்பது வருஷம் ஓடும் சார். ஓட்டுறதுக்கு விட்டாங்கன்னா!"

ராத்திரி கணக்குப் போட உட்கார்ந்தோம், நானும் என் மனைவியும். கப்பல், வரி, ரிப்பேர் எல்லாவற்றையும் கூட்டினால் நாங்கள் ஃப்ளாட்டுக்கு என்று சேர்த்து வைத்திருந்த அட்வான்ஸ் சரியாக இருந்தது. "உங்க சித்தப்பா ஆசையா கொடுத்தது. நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

முடிவுக்கு உதவியது இங்கிலாந்துச் சட்டம். அங்கே நாற்பது வயது தாண்டிய காருக்குச் சாலை வரி கிடையாது. பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் வைத்திருந்தால் வருஷாந்திர சோதனையிலிருந்தும் விலக்கு. தினமும் ஓட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே வந்தால் கோயில் உற்சவர் மாதிரி வருஷத்துக்கு நாலு தரம் புறப்பாடு, மற்ற நாள் தார்ப்பாய்க்குள். நாற்பது வருஷம் தினம் ஓடிய வண்டியை லட்சக்கணக்கில் கொடுத்து உட்கார வைப்பானேன்? "நீயே ஓட்டுடா, அதான் அப்பாவுக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. சாவியை மட்டும் ஒரு டூப்ளிகேட் போட்டு அனுப்பச் சொன்னேன். அதற்குக் கஸ்டம்ஸ் தொந்தரவு இருக்காது பாருங்கள்!

உங்களுக்கு ஷெட், பணம், பொறுமை மூன்றும் இருந்தால் தாராளமாகக் கொண்டு வாருங்கள். சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. இல்லாதவர்கள் ஊர்ப்பக்கம் போய், தாத்தா வீட்டுக் கொட்டகையை ஒரு தரம் எட்டிப் பாருங்கள். மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசு அம்பாசடரோ, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ, வைக்கோலுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஐம்பது வயது ஆகி, அசலாக இருந்து, பழைய ஆர்.சி.யும் இருந்தால் அதையும் புராதன வாகனமாக மறுபதிவு செய்யலாம். 'எம்.எஸ்.' என்று ஆரம்பிக்கும் பழைய மெட்ராஸ் நம்பர் என்றால் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கப்பல் கூலி இல்லை, சுங்கம் இல்லை.

கோழி முட்டை போட்டிருந்தால் மட்டும், கொஞ்சம் பார்த்து உட்காருங்கள்!