கம்பளிக்குள் எப்படிப் படுப்பது?

சிதம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே போனால் நடராசர் கோயில்; கிழக்கே போனால் அண்ணாமலை நகர். 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகத்தைச் சுற்றி எழுந்த ஊர் இது. விடுதியில் தங்கிப் படிக்கும் இடம் என்பதால் தொடக்கத்திலிருந்தே வெளியூர் முகங்கள் இங்கே அதிகம். இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கடல் கடந்து வந்து படித்தவர்கள் உண்டு. கடலூர், சிதம்பரம் வட்டாரத்துப் பிள்ளைகளும் இப்போது மேற்படிப்புக்கு வெளிநாடு கிளம்புகிறார்கள்.

விசாவுக்கும் வங்கிக் கடனுக்கும் வழிகாட்ட ஆட்கள் இருக்கிறார்கள். போய் இறங்கிய பிறகு அங்கே எப்படி வாழ்வது என்பதைத்தான் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அது எவ்வளவு பெரிய குறை என்பதைக் காவிரிக் கரையிலிருந்து போன ஒருவரின் கதையே சொல்லும்.

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினார். புறப்படும் முன்பே குடுமியை எடுத்தாயிற்று. கோட்டும் சூட்டும் போட்டுப் பழகியாயிற்று. கேம்பிரிட்ஜில் முதல் சில வாரங்கள் கணிதவியலாளர் நெவில் வீட்டில் தங்கினார். பிறகு டிரினிட்டி கல்லூரியில் தனி அறை. சுத்த சைவம் என்பதால் கல்லூரி உணவுக்கூடத்தைத் தவிர்த்துத் தானே சமைத்துக்கொண்டார்.

குளிர்காலம் நெருங்கிய நேரத்தில் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் மகலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் தந்தையாக அறியப்பட்டவர், ராமானுஜனைப் பார்க்க வந்தார். இரவில் குளிர் தாங்குகிறதா என்று கேட்டார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையும் போர்த்திப் படுத்தாலும் நடுங்குகிறது என்றார் ராமானுஜன். படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால் கட்டிலில் கம்பளிகள் வரிசையாக விரிக்கப்பட்டு, ஓரங்கள் மெத்தைக்கடியில் இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தன. ராமானுஜன் அவற்றின் மேலேயே படுத்துக்கொண்டிருந்தார். கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. மகலனோபிஸ்தான் கம்பளிகளைத் தூக்கிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

பாயும் தலையணையுமாக வளர்ந்தவருக்கு அந்தக் கட்டில் எப்படிப் புரியும்? எண்களின் ரகசியம் அறிந்தவர் இதைக் கேட்கக் கூச்சப்பட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றே தோன்றாமலும் இருந்திருக்கலாம். அக்கறையுள்ள ஒருவர் உள்ளே வந்து பார்க்கும்வரை அவர் நடுங்கிக்கொண்டேதான் இருந்தார்.

இன்னொரு நாள் இந்திய நண்பர்களை அறைக்கு அழைத்துத் தன் கையால் விருந்து வைத்தார். இரண்டு முறை ரசம் வாங்கிக்கொண்ட விருந்தினர்கள் மூன்றாம் முறை வேண்டாம் என்றார்கள். மனம் புண்பட்டு வெளியே போன ராமானுஜன் திரும்பவேயில்லை. அவர் ஆக்ஸ்போர்டில் இருப்பது சில நாட்கள் கழித்துத்தான் தெரிந்தது. பரிமாறுவதும் மறுப்பதும் ஊருக்கு ஊர் வேறு. ஒரே நாட்டுக்காரர்களுக்குள்ளேயே அந்த இடைவெளி இருந்திருக்கிறது.

அதற்குள் முதல் உலகப் போர் மூண்டு, பழக்கப்பட்ட காய்கறி கிடைப்பதும் அரிதானது. 1917இல் நோயில் விழுந்தார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1919இல் உடல் தளர்ந்து நாடு திரும்பினார். 1920 ஏப்ரலில் மறைந்தார். நோய்க்குக் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சாப்பாடும் குளிரும் தனிமையும் சேர்ந்து அவரை வாட்டின என்பதில் ஐயமில்லை.

இந்த வாட்டத்தை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கா சென்று வந்த 200 நார்வேக்காரர்களிடம் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் நடத்திய ஆய்வு 1955இல் வெளியானது. ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும், பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் அந்த ஊரோடு நன்றாகவே ஒட்டியிருந்தார்கள். இடைப்பட்ட காலம் இருந்தவர்களே அதிகம் தடுமாறியிருந்தார்கள். எல்லாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் புதுமை தீர்ந்த பிறகு வரும் சோர்வு பலரும் கடந்து வந்ததுதான். அதைத் தன் தோல்வியாக எந்த மாணவரும் எண்ண வேண்டியதில்லை.

துணை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அண்ணாமலை நகரில் பின்னாளில் தமிழ் படித்த ஒருவரே சான்று. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியான ஊர்காவற்றுறையில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், குருத்துவப் படிப்புக்காக 1934இல் ரோம் போனார். பல நாட்டு மாணவர்கள் ஒன்றாகப் படித்த கல்லூரி அது. அங்கே ஐரோப்பிய மொழிகளைக் கற்றார். கூடவே தமிழ் மாணவர்களைச் சேர்த்து வீரமாமுனிவர் பெயரில் ஒரு கழகமும் நடத்தினார். புதிய ஊரோடு கலந்து பழகவும், தன் மொழியில் பேசி இளைப்பாறவும் அவருக்கு இடம் இருந்தது.

பிறகு திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியரானார். ஆங்கில வழியில் படித்த தனக்குத் தமிழ் போதவில்லை என்பதை அங்கே உணர்ந்தார். இறையியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், 1945இல் தம் 32ஆம் வயதில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. மாணவராக வந்து அமர்ந்தார். ஈழத்திலிருந்து இந்த வளாகத்துக்கு வந்த முதல் ஆளும் அவர் இல்லை. மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1931இலேயே இங்கே தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியிருந்தார்.

சங்கப் பாடல்களில் இயற்கை பற்றித் தனிநாயகம் இங்கே செய்த ஆய்வு நூலாக வந்து உலகின் பார்வையைத் தமிழ்ப் பக்கம் திருப்பியது. 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானதிலும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்ததிலும் முன்னின்றவர் அவர்தான்.

எனவே வெளிநாடு போகும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக்கொடுத்தால் மட்டும் போதாது. நான்கு வகை சமையலும், தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்கும் பழக்கமும் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டும். போய்ச் சேர்பவர்கள் தமிழ்ச் சங்கத்திலும் சேரட்டும். அந்த ஊர்க்காரர் ஒருவரையாவது நண்பராக்கிக்கொள்ளட்டும்.

நம்மிடம் படிக்க வருபவர்களுக்கும் இதே கடமை நமக்குண்டு. சாப்பாட்டுக் காரமும், ஐப்பசி கார்த்திகை அடைமழையும், போதும் என்ற பிறகும் இன்னொரு கரண்டி போடும் நம் உபசாரமும் அவர்களுக்குப் புதிது. விடுதியின் மூத்த மாணவர்களே, வாடகைக்கு வீடு விடும் சிதம்பரத்து மக்களே, முதல் வாரத்திலேயே அவர்கள் அறைக்கதவைத் தட்டுங்கள். என்ன வேண்டும் என்று நீங்களாகவே கேளுங்கள்.