தொடக்கமும் எல்லையும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்கு அருகே அமைந்த தேவிகாபுரம், பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. பட்டுத்தறியில் பூவேலைக்கு உதவுவது ஜக்கார்டு பெட்டி. அதில் சுழலும் துளையிட்ட அட்டைகள், ஒவ்வோர் ஊடைக்கும் எந்தப் பாவு நூல்கள் உயரவேண்டும் எனக் கட்டளையிடுகின்றன. பிழையான ஊடைகளைப் பிரித்தெடுக்கும் நெசவாளர், அட்டைகளையும் அதே எண்ணிக்கையில் பின்னோக்கித் திருப்பவேண்டும். தவறினால், அட்டையில் பிழையில்லாமலே பூ குலையும்.

துளைகளால் கட்டளையிடும் இம்முறை, 1952இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இயக்கிக் காட்டப்பட்ட எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரத்தில் துளையிட்ட நாடாவாக அமைந்தது. பின்னர் அவ்விடத்தைக் கணினி நிரப்பியது.

மின்சாரம் நின்று மீண்டதும், இத்தகைய இயந்திரங்கள் பலவற்றுக்குத் தம் வெட்டுக்கருவி எங்குள்ளது என்பது தெரியாது. எனவே ஒவ்வோர் அச்சும் மெல்ல நகர்ந்து, நிலையான சுவிட்சு ஒன்றை அடைகிறது. அதைக் கொண்டு தொடக்கப்புள்ளி வரையறுக்கப்படுகிறது.

பயண எல்லைகள் இருவகைப்படும். ஒன்று, தொடக்கப்புள்ளியிலிருந்து கணினி கணக்கிடும் எல்லை. தொடக்கம் 20 மில்லிமீட்டர் பிழையானால் இவ்வெல்லையும் அவ்வளவே பிழையாகும். மற்றொன்று, அச்சின் ஓரத்தில் பொருத்தப்பட்ட எல்லைச் சுவிட்சு. கணக்கு தவறினாலும் இது இயக்கத்தை நிறுத்தும்.

வேலை தடைப்படுகிறதென்று இச்சுவிட்சைச் செயலிழக்கச் செய்வது பெருந்தவறு. கருவி மோதி உடையலாம். அருகில் நிற்பவர் காயமுறலாம். காரணத்தைக் கண்டறிந்து, அச்சை எதிர்த்திசையில் மெல்ல விலக்கி, தொடக்கப்புள்ளியை மீண்டும் நிறுவுதலே முறை. தொடக்கம் தெளிவானால்தான் எல்லையும் காக்கும்.